மூன்றாவது மாடலின் நான்கு விநாடிகள்

அக்டோபர் 14, செவ்வாய். ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். புது மாடல் கம்ப்யூட்டர் திரையை இரண்டு மடங்கு வேகமாக வரையும் என்று மேலாளரிடம் சொன்னேன். அளந்து பார்த்துச் சொல்லவில்லை. விளம்பரத்தில் படித்ததுதான்.

நாட்குறிப்பில் எழுதியதைப் படித்துப் பார்த்தாள். ‘சிறு’ என்ற சொல்லை மட்டும் அடித்தாள்.

பேருந்து நிலையத்தில் அவளுக்கு ‘அளவுகோல்’ என்று பட்டப்பெயர். தேநீர் ஆற எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டால்கூடக் குறித்து வைத்திருப்பாள். காத்திருப்புக் கூடத்து நேரப் பலகையில், ஏணி மீதேறி எண் தகடுகளை மாற்றுவது அவள் வேலை. மாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு. அங்கே இருந்த முதல் மாடல் கம்ப்யூட்டரில் கற்றதை வைத்து, அதே பலகையை டிவி திரையில் காட்டும் புரோகிராம் ஒன்றை ஆறு மாதமாக எழுதியிருந்தாள். வியாழக்கிழமை மேலாளர் பார்த்துச் சரி என்றால் கூடத்தில் டிவி ஏறும். இல்லையென்றால் ஆறு மாத உழைப்பும் பரணுக்குப் போகும்.

குறை ஒன்றே ஒன்றுதான். நிமிடத்துக்கு ஒருமுறை திரை முழுக்க அழிந்து, பன்னிரண்டு வரியும் ஒவ்வொன்றாக முளைக்கும். நான்கு விநாடி. “அந்த நாலு செகண்டுல ஜனம் என் சட்டையப் பிடிக்கும்மா,” என்று மேலாளர் முன்பே சொல்லியிருந்தார். அதற்குத்தான் அவள் புது மாடலைக் காட்டி வாக்குக் கொடுத்தாள்.

செவ்வாய் மாலை வகுப்பு முடிந்து நேரே அக்காவின் கடைக்குப் போனாள். அக்கா டிவி மெக்கானிக், கம்ப்யூட்டரும் விற்பாள். புதிய மூன்றாவது மாடல் அன்றுதான் வந்திருந்தது. பளபளவென்ற பெட்டி, அகலமான கீபோர்டு. புரோகிராமை ஓடவிட்டு ஸ்டாப்வாட்சை அமுக்கினாள். நான்கு விநாடி. மறுபடியும் நான்கு.

“இரு, வயித்தக் கிழிச்சுப் பார்த்துடலாம்,” என்று அக்கா மூடியைக் கழற்றினாள். முதல் மாடலில் படம் வரைந்த அதே சிப், அதே எண்ணோடு உள்ளே உட்கார்ந்திருந்தது.

“ரெண்டாவதுலயும் இதானேக்கா?”

“இதேதான். வருஷா வருஷம் சட்டை மாத்துறான், ஆள் அதே ஆள்.”

“மூணு வருஷமா இதே பதினாறு கலரு, இதே வேகம். இவனுங்களுக்கே சலிக்காதா?”

“நீ வாங்குறவரைக்கும் ஏன் சலிக்கும்? சரி, மேலாளர்கிட்ட என்னன்னு சொல்வ?”

அவள் ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

புதன் காலை பத்து மணி. ஏணியில் ஏறினாள். மூன்றாம் வரிசையில் ஒரு பேருந்து தாமதம். ‘10’ஐ எடுத்து ‘25’ஐ மாட்டினாள். ஏழாம் வரிசையில் ஒரு தகடு. அவ்வளவுதான், இறங்கினாள். கடைசிப் படியில் கால் அப்படியே நின்றது.

ஒரு தகடு மாற வேண்டும் என்பதற்காகப் பலகை முழுவதையும் கழற்றிக் கொட்டி மறுபடி மாட்டினால், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த மடத்தனத்தைத்தான் அவள் புரோகிராம் நிமிடத்துக்கு ஒருமுறை செய்துகொண்டிருந்தது! சிப் சோம்பேறி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சோம்பேறியின் தலையில் வேண்டாத வேலையைக் கட்டியது யார்?

மாலையில் வகுப்புக்குப் போனதும் எழுத உட்கார்ந்தாள். திரையில் இருப்பதைத் தனியே நினைவில் வைத்துக்கொள், புதியதோடு ஒப்பிடு, மாறிய எழுத்தை மட்டும் வரை. முதலில் ஓட்டியபோது ‘25’க்குப் பதில் ‘15’ வந்தது. தன்மேல் சந்தேகப்பட்டு வரி வரியாகச் சரிபார்த்து, பிழையைப் பிடித்தாள். பிறகு ஸ்டாப்வாட்சை அமுக்கினாள். நிறுத்துவதற்குள் திரை மாறிவிட்டது. பத்துமுறை அளந்தாள். ஒருமுறைகூட அரை விநாடியைத் தாண்டவில்லை.

வியாழக்கிழமை கூடத்து மேசையில் புரோகிராமை ஓடவிட்டு, மேலாளர் வந்ததும் முதலில் தவறைச் சொன்னாள். “சார், புது மாடல் வேகமில்ல. அளக்காம சொல்லிட்டேன்.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் கடந்தது. இரண்டு எண்கள் மட்டும் மாறின, மற்றதெல்லாம் அசையவில்லை.

“பின்ன இது என்னம்மா?”

“பழசு சார். முதல் மாடல்.”

“அப்ப புதுசு வேணாம்?”

டிவிக்குக் கம்பி இழுக்க வந்திருந்த அக்கா குறுக்கே புகுந்தாள். “கீபோர்டு நல்லாருக்கு சார், ஒண்ணு எடுத்துக்கங்களேன்.”

“உன் யாவாரத்த அப்புறம் பாரு. மொதல்ல டிவிய மாட்டு,” என்றார் மேலாளர்.

அக்டோபர் 16, வியாழன். சிப் மேல் உள்ள கோபம் தீரவில்லை. மூன்று மாடலிலும் எடுத்த அளவுகளைக் கம்பெனிக்குக் கடிதமாக எழுதிவிட்டேன். நாளை: காலையில் அதைத் தபாலில் சேர்க்க வேண்டும். எட்டு மணிக்குப் பலகையையும் டிவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பன்னிரண்டு வரியையும் ஒப்பிட வேண்டும். சரியாக இருந்தால் ஏணியைக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும்.