கரியில் ஒரு பெயர், சீனியில் ஒரு பெயர்

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தாள். அம்மா சொன்னதில் பாதியை நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. ஆனால் இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கடல் தாண்டிப் பிழைக்கிற மனிதரின் ஆயுசோடு விளையாட யாருக்கு மனசு வரும்?

ஆனியில் கல்யாணம். நாலே நாளில் அவர் கொழும்புக் கடைக்குத் திரும்பிவிட்டார். அந்த நாலு நாளும், அவர் வீட்டுக் கூட்டத்துக்கு நடுவே, என்னிடம் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று பிஸ்கோத்து. கடைக்கு அடுத்த வீட்டுப் பறங்கி அம்மாள் கிறிஸ்துமஸுக்குச் சீனி பிஸ்கோத்து சுட்டு, அதன் மேல் சீனியாலேயே பூப் போட்டுக் கொடுப்பாளாம். நம் வீட்டிலும் ஒருநாள் செய்தால் நன்றாக இருக்கும் என்றார். அவர் என்னிடம் கேட்ட ஒரே காரியம் அது. தலைதீபாவளிக்கு வரும்போது செய்து வைத்திருப்பது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். இந்த மனிதருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்று நான் வேறு எப்படித் தெரிந்துகொள்வது?

இடைஞ்சல் என் அப்பா. அய்யாக்குட்டி அண்ணாச்சியின் கருப்பட்டி மண்டி என்றால் தூத்துக்குடியில் தெரியாதவர் கிடையாது. வெள்ளைச் சீனி எங்கள் வீட்டுப் படியேறக் கூடாது. உலகச் சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகியும் சீனி ரேஷன் கார்டுக்குத்தான். ஊரே அதற்காக வரிசையில் நிற்க, அப்பா எங்கள் பங்கைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நானும் அம்மாவும் மூன்று மாதம் அவருக்குத் தெரியாமல் வாங்கி, உளுந்துப் பானைக்குள் ஒளித்துவைத்தோம்.

தீபாவளிக்கு முந்தின நாள். அப்பா மண்டிக்குப் போனதும் மாவையும் நெய்யையும் சீனியையும் பிசைந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒரு கிறிஸ்துமஸுக்குச் செய்து காட்டியது கைக்கு மறக்கவில்லை. ஏலக்காய் தட்டிப் போட்டு, கிண்ணத்து விளிம்பால் முத்துச் சிப்பி மாதிரி வெட்டி, தகரத் தட்டில் அடுக்கினேன்.

சுடுவதற்கு வீட்டில் வழியில்லை. கடற்கரைப் பக்கம் ஜெபசீலன் என்பவரின் ரொட்டிக்கடை இருந்தது. காலை ரொட்டி எடுத்த பிறகும் அடுப்பில் சூடு நிற்கும் என்பதால், பண்டிகை நாளில் ஆளாளுக்குத் தட்டு கொண்டுவந்து கொடுப்பார்கள். வீட்டு ஆம்பிளையின் பெயரைக் கேட்டு, தட்டின் ஓரத்தில் கரியால் எழுதிவைப்பார்.

அப்பா பெயரைச் சொன்னால் பஜார் முழுக்கச் சிரிக்கும். என் பெயரைச் சொன்னால் யார் மகள் என்பது அடுத்த கேள்வி. மிச்சமிருப்பது என் வீட்டுக்காரர் பெயர்.

"திருச்செந்தூர்ல இருக்கவுக பேரு," என்றேன்.

செந்தில்வேலா என்று கேட்டார் ஜெபசீலன். நான் சொன்னது அந்தச் சாமியை அல்ல, அவருக்குக் காவலாக அங்கே நிற்கிறவரை. பின்னால் பத்துப் பெண்கள் நின்றார்கள். வெட்கத்தில் தலையைக் குனிந்தேன்; அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். பெயரில் என்ன இருக்கிறது, தட்டு எனக்குத் தெரியாதா என்று நானும் பேசாமல் வந்துவிட்டேன். புத்தி கெட்டவள்.

பதினோரு மணிக்குப் போனால் தட்டு இல்லை. நிஜமாகவே ஒரு செந்தில்வேல் வீட்டார் வந்து, அந்தப் பெயரில் இருந்த இரண்டு தட்டையும் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

"சரியான பேரைச் சொல்லு தங்கச்சி, ஆளனுப்பி வாங்கித் தாரேன். யாரு வீட்டுத் தட்டுன்னு அவிய கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

வாயைத் திறந்தேன். அந்த நேரம் அவர் கப்பலில், கடல் நடுவே இருப்பார் என்ற நினைப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அழுகை, கூடவே, அந்தப் பாழாய்ப்போன செந்தில்வேல் மேல் கோபம்.

மத்தியானம் அவர் வந்தார். காப்பி டம்ளரை நான் வைத்த வேகத்தில் பாதி சிந்திவிட்டது. என்ன விஷயம் என்று மெதுவாகத்தான் கேட்டார். நான் மூன்று மாதச் சீனிக் கதையையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

"என் பேரைச் சொல்லியிருக்கலாம்லா?"

"கப்பல்ல இருந்தீங்க," என்றேன்.

மிச்சமிருந்த காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு பயணச் சட்டையோடு எழுந்து போனார்.

கடையில் நடந்ததை ஜெபசீலன் பின்னால் ஊரெல்லாம் சொன்னார். அத்தனை பேருக்கு நடுவே போய் நின்று, "நான் வடிவம்மாள் வீட்டுக்காரன். அவ தட்டை வாங்க வந்திருக்கேன்," என்றாராம். எங்கள் பக்கத்தில் எந்த ஆம்பிளையும் பெண்டாட்டி பெயரால் தன்னைச் சொல்லிக்கொண்டதில்லை. செந்தில்வேல் வீட்டுப் பிள்ளைகள் நாலைத் தின்றது போக மிச்சம் வந்து சேர்ந்தது. தட்டின் ஓரத்தில் பழைய பெயரை அடித்துவிட்டு, கீழே கரியால் 'வடிவம்மாள்' என்று எழுதியிருந்தது. அவர் அனுப்பும் கடுதாசி உறையில் நான் பார்த்துப் பழகிய அதே கையெழுத்து. என்னைப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்கிற கேள்வியே அதற்குப் பிறகு எழவில்லை.

நாங்கள் சொல்வதற்கு முன்னாலேயே சேதி மண்டிக்குப் போய்விட்டது. அப்பா விறுவிறுவென்று வந்தார். மருமகனைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், ஒன்றை எடுத்து வாயில் போட்டார். கருப்பட்டி போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டு, இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் மிச்சச் சீனியைத் தூளாக்கி, எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்தேன். அவர் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிக் கொடுத்தார். சிப்பிக்கு ஒரு சீனி முத்தாக வைத்துக்கொண்டே வந்தேன். கடைசி நாலு சிப்பியில் முத்து வைக்கவில்லை. சொல்லத்தான் கூடாது, எழுதக் கூடாது என்று அம்மா சொன்னதில்லை. ஒன்றுக்கு ஓர் எழுத்தாக எழுதி, அவர் முன்னால் வரிசையாக வைத்தேன்.

வீ. ர. பா. கு.

அவர் ஒவ்வொன்றாகத் தின்ன ஆரம்பித்தார். பெயரைக் கடிக்காதீர்கள் என்று கையைப் பிடித்தேன். அதற்குள் மூன்று போய்விட்டது. நாலாவதை என் வாயருகே கொண்டுவந்தார்.

"நீ சொல்லத்தான கூடாது? திங்கக் கூடாதுன்னு யாருளா சொன்னா?"

கண்ணை இறுக மூடிக்கொண்டு மென்றேன். விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தபோது, உதட்டில் சீனித் தூளோடு, ஒரு குறையும் இல்லாமல் அவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.