சரோன் கொண்டு வந்த சொல்

"சொறி" என்று மன்னிப்புக் கேட்கும் இங்கிலீஷ் வார்த்தையை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் மேட்டு லயத்துக்குள் கொண்டு வந்தவள் சரோன். மூன்றாம் வகுப்பு டீச்சர் சொல்லிக் கொடுத்தாராம். தண்ணீரைக் கொட்டினால் சொறி, தம்பியின் காலை மிதித்தால் சொறி, வேண்டுமென்றே மிதித்துவிட்டும் சொறி.

"யாராச்சும் சொறி சொன்னா நீங்க பரவாயில்லன்னு சொல்லணும்மா. அதுதான் மரியாத" என்று தாய்க்கே பாடம் எடுத்தாள்.

"பெரிய தொரசாணி வந்துட்டா!" என்று மரியாயி சிரித்தாள். ஆனாலும் அந்தச் சொல் லயம் முழுக்கத் தொற்றிக்கொண்டது. றக்வானை பஸ்ஸில் கொண்டக்டர் தோளில் இடித்துவிட்டு, "சொறி அக்கே, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று சிங்களத்தில் முன்னுக்குப் போகச் சொல்லித் தள்ளும்போதுகூட அவளுக்கு மகள் ஞாபகம்தான் வரும். யாரும் யாருக்கும் சொல்லக்கூடிய வார்த்தை என்று வெள்ளந்தியாக நம்பியிருந்தாள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மழையில் லயத்தின் பின்சுவர் விழுந்து சரோன் செத்துப்போனாள். சுவர் வெடித்திருக்கிறது, மேலே தண்ணீர் போகக் கான் வெட்டித் தாருங்கள் என்று அவள் தகப்பன் அந்தனி, தோட்டத்தை நடத்தும் தொரையிடம் எத்தனையோ தடவை கெஞ்சியிருந்தான். "அடுத்த மாசம் பாப்போம்" என்பதுதான் ஒவ்வொரு மாதமும் வந்த பதில்.

அடக்கத்துக்குத் தொரை ஜீப்பில் வந்தார். குடைக்குள் நின்றார். பெட்டிச் செலவைத் தோட்டம் பார்த்துக்கொள்ளும் என்றார். மரியாயி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு சொல் வரவேயில்லை. திரும்பி நடந்தவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எம்புள்ளக்கி ஒரு சொறி சொல்லிட்டுப் போங்க! சொல்லுங்க!"

நாலு பேர் சேர்ந்துதான் அவள் விரல்களைப் பிரித்தார்கள்.

மறுநாளே புருஷன் பெண்சாதி இருவருக்கும் வேலை நின்றது. இடிந்த வீட்டுக்குப் பதிலாகக் கொடுக்கவிருந்த காம்பராவின் சாவியும் ஒப்பீசிலேயே தங்கிவிட்டது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், எல்லோரும் பார்க்க, மரியாயி மன்னிப்புக் கேட்கட்டும். அதுவரை ஒன்றுமில்லை என்றார் தொரை. நியாயத்தைப் பாருங்கள்! பிள்ளையைப் புதைத்தவள் கேட்க வேண்டுமாம், சட்டை கசங்கியவர் மன்னிப்பாராம்.

யூனியன் தலைவர் இராமசாமி வீடு இடிந்தபின் அவர்கள் தங்கியிருந்த தறப்பாள் கூடாரத்துக்கு வந்தார். "ஒத்த வார்த்ததானே மரியாயி. சொல்லிட்டுச் சாவிய வாங்கிக்க."

"அந்த ஒத்த வார்த்தயத்தாண்ணே நானும் கேட்டேன்."

தலைவர் எழுந்து நடந்தார்.

மழை விடவில்லை. கூடாரத்துக்குள் ஈரம் ஏறிச் சின்னவன் ஸ்டீபனுக்குச் சளி கட்டி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. அந்தனி பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் வைத்தான், அவ்வளவுதான். குழந்தையின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதை விடிய விடியப் பார்த்திருந்தவள், காலையில் அவனை இடுப்பில் வைத்துக் குடையைப் பிடித்தபடி பெரட்டுக்களத்துக்குப் போனாள்.

"சொறிங்க தொர."

"கேக்கல்ல."

"சொறிங்க தொர." இன்னும் உரக்கச் சொன்னாள்.

"சரி, சரி. இனி இப்பிடி செய்ய வாணாம்." சாவியை நீட்டினார்.

ஜீப்புக்கு நடந்தவரின் தோள் பட்டு மரியாயியின் குடை கைநழுவிச் சகதியில் விழுந்தது. தொரை திரும்பிப் பார்த்தார்.

"ஓ, சொறி!" என்றார்.

ஒரு குடைக்கு! எவ்வளவு லேசாக வந்துவிட்டது! பெரட்டுக்களம் முழுக்க மரியாயியின் வாயையே பார்த்தது. அந்தனிதான் அவசரமாக முன்னால் வந்து கைகூப்பினான்.

"பரவாயில்லீங்க தொர."

ஜீப் போய்விட்டது. மரியாயி சாவியை அவன் கைக்குள் திணித்தாள். ஸ்டீபனின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு மழையில் நடந்தாள். குடையை எடுக்க யாரும் குனியவில்லை.