ஒரு காருக்கு இரண்டு பேட்டரி

பேட்டரியின் தலையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்ததைப் பார்த்ததும் மருதேவிக்கு அருவருப்பாக இருந்தது. ஒன்றரை வருடமாக அதைத் தன் வீட்டு அறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டியிருந்தான் சின்னவன் பொன்னுசாமி. அப்பா போய்ச் சேர்ந்த மாதமே ஃபியட் காரின் சாவியைப் பெரியவன் விருசபதாசன் எடுத்து மடியில் செருகிக்கொண்டான். சும்மா விடுவானா சின்னவன்? பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டான். சாவி ஒரு தெருவில், பேட்டரி ஒரு தெருவில், கார் மட்டும் மருதேவியின் கொட்டகையில். நான் பெற்றவர்கள் என்று சொல்லவே அவளுக்கு நாக்கு கூசியது.

"இது செத்துப் பூடுச்சும்மா," என்றான் மெக்கானிக் இராமலிங்கம், கையைத் துணியில் துடைத்தபடி. "சார்ஜும் ஏறாது, தள்ளினாலும் வண்டி கிளம்பாது. புதுசுதான் போடணும்."

"போட்டுட்டாப் போச்சு," என்று மகன்களைப் பார்த்தாள் மருதேவி.

இருவரும் கொட்டகைக் கூரையைப் பார்த்தார்கள்.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் அவள் தங்கை கனகலதா, உண்ணாமல் உயிர்விடும் சல்லேகனை விரதம் ஏற்றிருந்தாள். தீராத நோய், சாப்பாட்டை விட்டாயிற்று, தண்ணீர் மட்டும்தான், அதையும் விட்டால் முடிந்தது. போகிறவர்களிடம் உறவும் ஊரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது சமணர்களான அவர்கள் வழக்கம். "எனக்குப் பேச்சு நிக்கறதுக்குள்ள அக்காவ வரச் சொல்லுங்க" என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

மருதேவிக்குக் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் அம்மாவின் ஒட்டியாணம் காணாமல் போனபோது, கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவே தங்கையைத் திருடி என்று சொல்லிவிட்டாள். அடுத்த மாதமே அது தன் பெட்டியின் அடியில், பழைய புடவை மடிப்பில் கிடைத்தது. கிடைத்ததை இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

"பேட்டரியப் பாழாக்கினவன் அவன். அவனே வாங்கட்டும்," என்றான் பெரியவன்.

"நான் வாங்கிப் போட்டா, அண்ணன் சாவிய வச்சிக்கினு ஜம்முனு ஓட்டுவாரா? சாவியக் குடுக்கச் சொல்லும்மா, இப்பவே வாங்கியாறேன்."

பணத்துக்குப் பஞ்சமா? ஒருவனுக்கு மல்லாட்டைக் கடலை மண்டி, இன்னொருவனுக்கு அரிசி மில். நினைத்தால் தெருவடைக்க பேட்டரி வாங்கி அடுக்குவார்கள். மனசுதான் அழுகிப் போயிருந்தது.

"நான் பஸ்ல போய்க்கிறேன்டா."

"பஸ்லயா?" இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். "நயினார் வூட்டு அம்மா இடிபட்டுக்கினு பஸ்ல போவுதுனு ஊரு சிரிக்காதா?" வாடகைக் காருக்கும் அதே பதில்தான். அவளைப் போகவிடாமல் செய்வதில் மட்டும் அண்ணன் தம்பிக்குள் அப்படி ஒரு ஒற்றுமை.

அவளும் பிடிவாதம் பிடிக்கவில்லை. உள்ளுக்குள் அவளுக்கும் தங்கை வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்க வேண்டும் என்றிருந்தது. சாகப் போகிறவளின் முன்னால்கூட! அதை நினைக்க நினைக்க மகன்கள் மேல் இருந்த அருவருப்பு தன் மேலேயே திரும்பியது. இதுகள் வேறு யாரைப் போல இருக்கும்?

இப்படியே மூன்று நாள் போயிற்று. ஒட்டியாணத்தை வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மகன்களில் யார் இறங்கி வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் காலை முதல் பஸ்ஸில் தங்கை வீட்டு ஆள் அப்பாதுரை வந்தான்.

"விடியக்காலையிலருந்து பேச்சு நின்னுடுச்சுங்கம்மா. மூச்சு இருக்குது, கண்ணு தொறக்கல. நேத்து ராத்திரிவரைக்கும் அக்கா வந்தாச்சா, வந்தாச்சானு கேட்டுக்கினே இருந்தாங்க."

விஷயத்தை மகன்களிடமும் சொல்ல ஓடினான். கடை திறந்த கொஞ்ச நேரத்தில் பெரியவன் ரிக்‌ஷாவில் புது பேட்டரியோடு வந்து இறங்கினான். பின்னாலேயே மில் ஆள் தோளில் இன்னொரு புது பேட்டரியை ஏற்றிக்கொண்டு சின்னவன். சாவு வீட்டுக்கு ஜனமெல்லாம் வரும். அம்மாவைக் காரில் கொண்டுவந்து இறக்கியவன் யார் என்று நாலு பேர் பார்ப்பார்கள் அல்லவா?

"என்னுதப் போடு, இராமலிங்கம்."

"எங்க அப்பா காருக்கு என்னுதுதான் போடணும். கைய எடு!"

இரண்டு பேட்டரியும் பளபளவென்று கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எதைத் தூக்குவது என்று தெரியாமல் ஸ்பானரும் கையுமாக நின்றான் இராமலிங்கம்.

"தூ!" என்றாள் மருதேவி. வாழ்நாளில் முதல் தடவையாக வாசலில் காறித் துப்பினாள். மடியில் இருந்த துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்பாதுரையோடு தெருவில் இறங்கி நடந்தாள். பின்னால் கேட்ட சண்டை சத்தம் தெருமுனை வரைக்கும் அவளோடு வந்தது. இரண்டு பேரில் ஒருவன்கூட வரவில்லை.

பஸ்ஸில் ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் வந்து ஊரைக் கேட்டான், சொன்னாள்.

"அங்கதானா? ஏம்மா மூஞ்சி இப்பிடி வேர்த்திருக்குது? கவலப்படாதீங்க, முக்கா மணி நேரத்துல போயிடலாம்."

மருதேவி தலையாட்டினாள்.