ஏழாவது நிமிட முரசு

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இருந்த ஒன்றையும் செங்கல் வைத்து அடைத்து, அதன்மேல் பஞ்சு, பஞ்சின்மேல் சாம்பல் நிறத் துணி என்று மூடியாகிவிட்டது. வெளியே இடி விழுந்தாலும் உள்ளே தெரியாது. அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டுதான் அவள் பதினோரு வருடமாகக் காட்டுக்கும் மலைக்கும் சதுப்புநிலத்துக்கும் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கொடுப்பது என்றால் சும்மா இல்லை. பழைய ஒலிநாடாவை உருவிப் பந்தாகக் கசக்கினால் மான் புல்லுக்குள் நடக்கும். குடையைப் படபடவென்று விரித்து மூடினால் கழுகு பாறையை விட்டுக் கிளம்பும். கிழிந்த பட்டுத்துணியை நாற்காலியின் முதுகில் போட்டு இழுத்தால் காற்று. காற்றில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பதால் தொழிலில் இருந்தவர்கள் அவளைக் காத்துக்காரி என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். சத்தவேலை முடிந்ததும் செல்லோ என்கிற பெரிய வயலினை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொள்வாள். படத்துக்கு இசையும் அவள்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இடங்களில் ஒன்றையாவது அவள் நேரில் பார்த்தது இல்லை.

அந்த ஆவணப்படங்களை எடுப்பது அவளுடைய அண்ணன். கேமராவும் அவனே, இயக்கமும் அவனே. எடுத்து வந்ததை வெட்டி ஒட்டுவது அண்ணி. மூன்று பேருக்கும் ஒரே மாடி, பக்கத்துப் பக்கத்து அறைகள். அண்ணன் அடுத்த படத்துக்குக் கிளம்பும்போது போன படத்தின் இசை பாக்கி இருக்கும், அதனால் அவள் உள்ளே இருப்பாள். அவன் திரும்பி வரும்போது கையில் புதுப் படம் இருக்கும், அதனால் அவள் மறுபடியும் உள்ளே இருப்பாள். "அடுத்த தடவை கண்டிப்பா, குட்டி" என்பான். முப்பத்தொன்பது வயதிலும் அவள் அவனுக்குக் குட்டிதான். எட்டுப் படங்கள் இப்படியே போயின. அண்ணன் கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பவன்தான். கெட்டவனாக இருந்திருந்தால் அவள் எப்போதோ சண்டை போட்டு வெளியேறியிருப்பாள்.

ஒன்பதாவது படம் ஒரு மேட்டுப் புல்வெளியைப் பற்றியது. ஆள் குடியில்லாத இடம். மரம்கூட இல்லை, புல், பாறை, பனிமூட்டம், பூமிக்குள் போய் ஒளிந்துகொள்ளும் ஒரு ஓடை, அவ்வளவுதான். திரையில் பார்த்துப் பார்த்து அதன் ஒவ்வொரு பாறையும் அவளுக்கு அத்துப்படி. குந்தியிருக்கும் கிழவர் மாதிரி ஒன்று, மூக்கு உடைந்தது ஒன்று. "அங்க வாசனை எப்படிண்ணா இருக்கும்?" என்று ஒருமுறை கேட்டாள். அண்ணன் யோசித்துவிட்டு, "புல்லு வாசனைதான். வேற என்ன?" என்றான். அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை.

அது வனத்துறையின் காவலுக்குட்பட்ட நிலம். ஒரு அனுமதிக்கு மூன்று பேர்தான் உள்ளே போகலாம். அண்ணன், வழிகாட்டி, அண்ணனின் உதவியாளர் என்று இதுவரை போய்க்கொண்டிருந்தார்கள். உதவியாளர் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். கடைசிக் காட்சிகள் எடுக்கப் போகிற இந்த முறை, அனுமதிப் படிவத்தில் மூன்றாவது ஆளின் இடம் காலி.

"இசையை முடிச்சுக் குடு. அந்த இடத்துல உன் பேரை எழுதிடறேன்" என்றான் அண்ணன். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள படிவம் ஆபீசுக்குப் போகணும். சனிக்கிழமை காலைல வண்டி."

அவள் அன்றே போய் ஒரு ஜோடி கனத்த காலணி வாங்கி, ஒலிப்பதிவு அறையின் மூலையில் வைத்தாள். அவ்வப்போது போட்டுக்கொண்டு துணி விரிப்பின்மேல் நாலு எட்டு நடப்பாள். பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அவளுக்கு வரவில்லை.

சிக்கல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். இசை தயாராகும் முன் படத்தை வெட்டும்போது சத்தமே இல்லாமல் ஓட்டினால் தூக்கம் கண்ணைச் சுழற்றும். அதற்காக ஏதாவது ஒரு பழைய இசையைத் தற்காலிகமாக ஒட்டிவைப்பார்கள். தினம் இருபது தடவை கேட்டுக் கேட்டு, இரண்டு மாதத்தில் ஒட்டிவைத்ததே படமாகிவிடும். அதன் பிறகு யார் வந்து எதை வாசித்தாலும் எடுபடாது. தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வியாதி இது. தெரிந்தே எல்லோரும் வாங்கிக்கொள்வார்கள். அண்ணன் இந்த முறை ஒட்டிவைத்தது அவளுடைய இசையையே. ஏழு வருடத்துக்கு முன் வந்து, விருது வாங்கி, இவர்கள் மூன்று பேருக்கும் பெயர் வாங்கிக் கொடுத்த படத்தின் இசை. அதில் ஏழாவது நிமிடத்தில் ஒரு முரசு வரும். ஒரே சீராக வராது; தடதடவென்று வந்து, நின்று, மறுபடி தளர்ந்து வரும். "எல்லையற்ற வெளியின் இதயத்துடிப்பு" என்று ஒரு பத்திரிகை எழுதியது. அண்ணன் அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டிவைத்திருந்தான்.

ஆக, இப்போது அவளுக்குப் போட்டி அவளேதான்.

பதினோரு விதமாக எழுதிப் பார்த்தாள். நான்காவது நிஜமாகவே நன்றாக அமைந்தது. செல்லோவின் ஒரே தந்தியில் வில்லைத் தொட்டும் தொடாமலும் இழுத்து, பனி விலகுகிற நேரத்துக்கு மட்டும் இரண்டாவது தந்திக்குப் போனாள். வாசித்து முடித்தபோது தன்னையறியாமல் மூலையில் இருந்த காலணியைப் பார்த்தாள். தான் செய்ததிலேயே இதுதான் உருப்படியானது என்று தோன்றியது.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "நல்லாத்தான் இருக்கு, குட்டி. ஆனா அது இல்லயே."

"அது வேற படம்ணா. இது வேற இடம்."

"இடம் வேறதான். உணர்ச்சி அதுதான் வேணும். அப்படியே வேணாம்; ஆனா அப்படியே இருக்கணும்."

அப்படியே வேண்டாமாம், ஆனால் அப்படியே இருக்க வேண்டுமாம். இதற்கு எந்த வில்லால் வாசிப்பது? ஐந்து, ஆறு, ஏழு என்று எண்தான் ஏறியது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் தோற்றுப்போனாள். நான்காவதை மூடிவைத்துவிட்டு, ஏழு வருடத்துக்கு முந்தியதை எடுத்துவைத்து, வரிக்கு வரி அதையே திரும்ப வாசித்தாள். அங்கங்கே ஒரு சுரத்தை மாற்றி ஒப்பேற்றினாள். வெட்கமாகத்தான் இருந்தது. வாசித்ததை வாசித்து ஏமாற்றுகிறோமே என்று கை கூசியது. ஆனால் வெளியே போக வேண்டுமே.

மதியம் மூன்றரைக்கு அண்ணியின் அறையில் போட்டுக் காட்டினாள். அண்ணியின் மேசை மேல் இரண்டு திரைகள், ஆறிப்போன தேநீர்க் கோப்பைகள், நடுவில் அந்த அனுமதிப் படிவம். அண்ணன் இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு கேட்டான். ஐந்தாவது நிமிடத்தில் அவன் கண் கலங்கிவிட்டது.

"இதான்! இதான் குட்டி! இவ்வளவு நாள் எங்க வெச்சிருந்த இதை?"

அவள் படிவத்தைப் பார்த்தாள். "அப்ப பேர் எழுதிடலாமா?"

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தான். நல்ல செய்தி சொல்கிறவனின் முகம் அவனுக்கு. "ஒண்ணு சொல்லட்டுமா? நீ வரவே வேணாம்னு தோணுது. அங்க போய் குளிர்ல மூக்க ஒழுக விட்டுட்டு நானே அந்த இடத்தைப் பாக்காம வரேன். நீ உள்ள உக்காந்தே பாத்துடற. நேர்ல பாத்தா இது உன்னை விட்டுப் போயிடும். பேட்டரி தூக்கறதுக்கு யாராவது ஒரு ஆளைப் போட்டுக்கறேன்."

அண்ணி, "சொன்னது சொன்னதுதானேங்க" என்றாள்.

"அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்." அண்ணன் திரையைக் காட்டினான். "ஒண்ணே ஒண்ணு பாக்கி. ஏழாவது நிமிஷத்துல அந்த டிரம் எங்க? அது இல்லாம மொட்டையா இருக்கு. எந்தக் கடையில வாடகைக்கு எடுத்த? சொல்லு, நானே போய்த் தூக்கிட்டு வரேன்."

அவளுக்குள் ஒரு சூடு கிளம்பி மேலே வந்தது. கோபம் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"எங்கயும் போக வேணாம். நீ அதுமேலதான் கையை ஊனிட்டிருக்க."

அண்ணன் கையைத் தூக்கிவிட்டு மேசையைப் பார்த்தான்.

அவள் கோப்பைகளை எடுத்துக் கீழே வைத்தாள். விசைப்பலகையைத் தள்ளினாள். மேசையின் வெற்றுப் பலகைமேல் முஷ்டியை மடக்கி ஓங்கி அடித்தாள். தடதடவென்று அடித்தாள், நிறுத்தினாள், தளர்ந்து மறுபடி அடித்தாள். திரைகள் ஆடின. ஏழு வருடத்துக்கு முந்திய முரசு பிசிறில்லாமல் அங்கே கேட்டது.

"அதேதான்!" அண்ணனின் முகம் மலர்ந்தது. "மேசையிலயா வாசிச்ச?"

"அப்ப இது மேசை இல்லண்ணா. என் ரூம் கதவு."

அண்ணிக்குத்தான் முதலில் புரிந்தது. அந்தக் கதவின் தாழ்ப்பாள் ஒருநாள் உள்பக்கம் உடைந்து, உள்ளிருந்து திறக்க முடியாமல் போனது. கதவை மாற்றியபோது, நல்ல மரம், வீணாக்க வேண்டாம் என்று அண்ணன்தான் பழையதைக் கால்கள்மேல் கிடத்தி மேசையாக்கினான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் கடைக்குப் போயிட்டு வந்து தொறந்தேனே, அன்னைக்கா?"

"மூணரை மணி நேரம் அண்ணி. செல்போனை வெளியதான் வெச்சிருந்தேன், பதிவுல இரைச்சல் வரும்னு. மைக் மட்டும் ஓடிட்டிருந்தது. கத்தினேன், இடிச்சேன், இடிச்சு முடியாம உக்காந்து வாசிச்சேன். அப்புறம் கத்தினதை மட்டும் வெட்டி எடுத்துட்டேன்." அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீ இந்த ரூம்லதான் இருந்த. காதுல ஹெட்போன்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "நான் அப்ப என்ன கேட்டுட்டிருந்தேன்?" என்றான், மெதுவாக.

"என் பாட்டைத்தான்."

சுவரில் சட்டத்துக்குள் இருந்த பத்திரிகை வரியை அவன் ஒருமுறை பார்த்தான். எல்லையற்ற வெளி. பிறகு எழுந்து அவளுடைய அறைக்குள் போனான். பேனா எடுத்துவரப் போகிறான் என்றே அவள் நினைத்தாள். நான்கு மணி இருபது. இப்போது எழுதினால்கூட ஐந்துக்குள் ஆபீசுக்குப் போய்விடலாம்.

அண்ணன் மைக்கோடும் அதன் தாங்கியோடும் திரும்பி வந்தான். மேசைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் மைக்கை நிறுத்தினான். திருகை ஒழுங்காக முடுக்கினான். சிவப்பு விளக்கு எரிந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆரம்பி என்று விரலை உயர்த்தினான்.

"என்னங்க இது?" என்றாள் அண்ணி. ஹெட்போனுக்குள் அவனுக்குக் கேட்டதோ என்னவோ, திரும்பவில்லை.

அவள் அடிக்கவில்லை. மைக்குக்கு அருகில் குனிந்தாள். அன்று வெட்டி எடுத்ததை இன்று சொன்னாள்.

"அண்ணா, கதவைத் தொற. அண்ணா, நான் உள்ள இருக்கேன். என்னை வெளிய விடு."

அது அவன் இரண்டு காதுக்குள்ளும் போனது. இந்த முறை கேட்காமல் இருக்க வழியே இல்லை. அவன் கண்ணை மூடினான். கன்னத்தில் நீர் இறங்கியது, துடைக்கவில்லை. உதடு ஏதோ சொல்லப் போய் நின்றது. அண்ணி பேனாவை எடுத்துப் படிவத்தின் பக்கத்தில் வைத்தாள். தங்கை அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது ஒலியளவு காட்டும் முள்ளை.

"ரொம்ப அருமையா இருக்கு, குட்டி" என்றான், குரல் உடைந்து. "லெவல்தான் கொஞ்சம் ஜாஸ்தி. அரை அடி பின்னால நின்னு, இன்னொரு தடவை சொல்லு."

பதினோரு வருடப் பழக்கம். அவள் அரை அடி பின்னால் நகர்ந்து நின்றாள்.