வெட்டிய நான்கு நிமிடம்

பிப்ரவரி 9. ஒரு சிறு தவறு. நாற்பத்திரண்டாவது கச்சேரியின் கடைசிப் பாட்டு முப்பத்தொரு நிமிடம் என்று பட்டியலில் எழுதியிருக்கிறேன். மேடையில் அது முப்பத்தைந்து. நடுவே வெறும் இரைச்சலாக இருந்த நான்கு நிமிடத்தை வெட்டினேன். வெட்டியதைக் குறிக்க மறந்துவிட்டேன். இனி குறிக்க வேண்டும்.

இதை டைரியில் எழுதி முடித்ததும் அவனுக்கு மனம் லேசானது. பகலில் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பவன், மாலையில் வகுப்புக்குப் போகிறவன். மிச்ச நேரமெல்லாம் ஒரே ஒரு இசைக்குழுவுக்குத்தான். ஒரு பாட்டை இரண்டு மேடையில் ஒரே மாதிரி வாசிக்காதவர்கள் அவர்கள். பாட்டைத் தொடங்குவார்கள், அது எங்கே போய் நிற்கும் என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் எந்தக் கச்சேரியின் பதிவையும் அவன் விடுவதில்லை.

“ஒரே பாட்டை அறுபது தடவை கேக்கறியே, அந்தப் பாட்டுக்கே உன்னைப் பார்த்தா சலிச்சுப்போயிருக்கும்டா” என்பாள் அக்கா.

பதிவு செய்வது அதே குழுவின் ரசிகரான லிஃப்ட் மெக்கானிக் அண்ணன். கூட்டத்தின் நடுவே பழைய கேசட் மெஷினைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி மூன்று மணி நேரம் நிற்பார். கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுத்தம் செய்து, பாட்டுப் பாட்டாகப் பிரிப்பது இவன் வேலை. இவன் ‘ஆச்சு’ என்று சொன்னதும் அண்ணன் அதே கேசட்டில் அடுத்த கச்சேரியைப் பிடிப்பார். எட்டு வருடமாக இதுதான் வழக்கம்.

பத்து நாள் கழித்து, மதியம், அண்ணன் கிரீஸ் கையோடு கடைக்குள் நுழைந்தார்.

“டேய், நம்ம பதிவு டிஸ்க்கா வருதாம்! குழுவிலேருந்தே எழுதியிருக்காங்க. அட்டையில என் பேரு போடறாங்களாம்டா!”

“எந்தக் கச்சேரி அண்ணே?”

“கரண்ட் போன கச்சேரிதான், வேற எது?”

அந்தக் கச்சேரியன்று அவனுக்குப் பரீட்சை. போகவில்லை. “கரண்ட் போச்சா?”

“கடைசிப் பாட்டு நடுவுல பொசுக்குனு போச்சு. கூட்டம் மூச்சு விடல. டிரம்ஸ்காரர் விரலாலேயே தட்டறாரு, பாடற அம்மா வாய்க்குள்ளேயே முனகறாங்க. எனக்குக் கை மரத்துப்போச்சு, அசையலையே நான். சத்தம் கம்மியாத்தான் இருக்கும், காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டா எல்லாம் இருக்கும். அந்த நாலு நிமிஷத்துக்காகத்தான் டிஸ்க்கே போடறாங்களாம். வேற யாருகிட்டயும் இல்லையாம்.”

அவன் கையிலிருந்த லென்ஸைத் துணியில் வைத்தான். மெஷின் கோளாறு என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

“அண்ணே, அந்தக் கேசட்...”

“நீதானே ஆச்சுன்னு சொன்ன? அதுல போன வாரக் கச்சேரி ஏறிடுச்சு.”

கம்ப்யூட்டரிலும் வெட்டிய பதிவு மட்டும்தான் இருந்தது. இடம் போதவில்லை என்று மற்றதை அவனே அழித்திருந்தான். சொன்னான். வெட்டியது, அழித்தது, இரண்டையும்.

அண்ணன் நாற்காலியைத் தேடவில்லை. நின்றபடியே கேட்டார். “வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டியா?”

“இல்லண்ணே. திரையில சத்தக் கோடு தட்டையா இருந்துச்சு. பார்த்தேன், இரைச்சல்னு வெட்டிட்டேன்.”

“பாட்டைப் பார்த்தியா?”

அவன் துணியின் ஓரத்தை மடித்தான்.

“அறுபது தடவை கேக்கறவன், கேக்க வேண்டிய ஒரு தடவை கேக்கல.” குரல் உயரவே இல்லை. “எனக்கு எழுத வராது. அவங்களுக்கு நீயே எழுது. மெஷின் மேல பழி போடாத. இனிமே என் கேசட்டை நானே பார்த்துக்கறேன் தம்பி.”

எட்டு வருடத்தில் அவர் அவனை ‘டா’ போடாமல் கூப்பிட்டது அன்றுதான். கதவு மூடியது. கடைக்காரர் அடுத்த அளவுச் சீட்டை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டு லென்ஸ் தேய்த்தான். அளவு தப்பவில்லை. அதுவும் அவனுக்குக் கசந்தது.

பிப்ரவரி 19. நாளை காலை, கடை திறக்குமுன், குழுவுக்குக் கடிதம். பதிவு செய்தவர் அண்ணன், அழித்தவன் நான் என்பது முதல் வரியில் வரவேண்டும். நகல் ஒன்று அண்ணனுக்கு.