மூன்று வருஷத்துக்கு மேல்

நான் லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை. ஓசூரில் பன்னிரண்டு வருஷம் காண்ட்ராக்ட் வேலை பார்த்த எவளும் நம்பமாட்டாள். கம்பெனியில் புகார் கொடுத்தால், மேலே அனுப்பியிருக்கிறோம் என்பார்கள். மேலே என்றால் பெங்களூரு ஹெட் ஆபீஸ். கர்நாடக எல்லையிலிருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டிப் போன எந்தப் புகாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஓவர்டைம் பார்க்க முடியாது என்று சொன்னதற்கு சூப்பர்வைசர் ராஜேஷ்குமார் முகத்தில் குத்தினான். இடது கண் போயிற்று. அவன் ஜெயிலுக்குப் போக வேண்டும், எனக்கு வேறெதுவும் வேண்டாம் என்று இரண்டு வருஷம் ஓசூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு நடந்தேன். மாஜிஸ்திரேட் சின்ன வயசுப் பெண். நான் சாட்சி சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். அப்போதே உறுத்தியது. அவன் வக்கீல் ஏதோ சொன்னதற்கு ஒருமுறை லேசாகச் சிரித்தார். அதையும் மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

தீர்ப்பு நாளில் அவர் தண்டனை எதுவும் சொல்லவில்லை. வழக்கைக் கிருஷ்ணகிரி தலைமைக் குற்றவியல் நடுவருக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார். மேலே அனுப்பியாயிற்று.

அரசு வக்கீல் பிரகாசம் வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

"அவன்தான் குத்தவாளின்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்கம்மா. ஆனா மூணு வருஷத்துக்கு மேல குடுக்க அவங்களுக்கு அதிகாரம் இல்ல. கிருஷ்ணகிரியில ஏழு வரைக்கும் குடுக்கலாம். அதான்."

அப்படியானால் இந்த மாஜிஸ்திரேட்டுக்கே ஏழு வருஷ அதிகாரத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்றேன். அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டு அதைக் கூட்டிவிட முடியாது, சட்டம் போட்டுத்தான் மாற்ற வேண்டும், அந்தச் சட்டமும் அரசியல் சாசனத்துக்கு உட்பட்டு நிற்க வேண்டும் என்றார். நாளைக்கு உங்கள் பெண்மேல் பொய்க் கேஸ் வந்தால் அந்த மூன்று வருஷ வரம்பு அவளுக்கும் காவல்தான் என்றும் சொன்னார். இவ்வளவு விளக்குகிறாரே, இவரையும் கவனித்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே ராஜேஷ்குமாரின் மனைவி சுகுணா குருபரப்பள்ளிக்கு என் வீடு தேடி வந்து காலில் விழுந்தாள்.

"கேஸ மேல தள்ளிட்டாங்கக்கா. இனிமே அது எங்க முடியப்போவுது? எதுக்கு அலையறீங்க? அவர மன்னிச்சு விட்டுடுங்க."

வழக்கை முடித்துக்கொள்கிறேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டிய சமாதான மனுவைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். வக்கீலைக் கேட்டுவிட்டுப் போடலாம் என்றாள் என் மகள் கவிப்ரியா. அந்த ஆளையா என்று அவள் வாயை அடைத்தேன். இரண்டு வருஷத்தில் என் முன்னால் அழுதவள் சுகுணா ஒருத்திதான். கையெழுத்துப் போட்டேன்.

கிருஷ்ணகிரியில் நடுவர் திரும்பத் திரும்பக் கேட்டார். யாராவது மிரட்டினார்களா? சம்மதம்தானா? வழக்கு ஏன் இங்கே வந்தது என்று தெரியுமா? தெரியும் என்றேன், கொஞ்சம் திமிராகவே. மனுவை ஏற்றுக்கொண்டார். ராஜேஷ்குமார் விடுதலை.

வெளியே பிரகாசம் வந்தார். ஓசூர் மாஜிஸ்திரேட் எழுதி அனுப்பிய காகிதத்தின் நகலைக் கவிப்ரியா கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவள் வாசித்தாள்.

"எதிரி ராஜேஷ்குமார் குற்றவாளி என்பது என் கருத்து. ஒரு பெண்ணின் பார்வையைப் பறித்ததற்கு, நான் விதிக்கக்கூடிய மூன்று ஆண்டுச் சிறை போதாது."

மறுபடி வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள்.

கோர்ட் வாசலில் சுகுணா காரில் ஏறிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தச் சின்ன வயசு மாஜிஸ்திரேட்டைச் சந்தேகப்பட்டேன், வக்கீலைச் சந்தேகப்பட்டேன். கேஸ் நிற்காது என்று உண்மையிலேயே தெரிந்தவள், அன்றைக்கே ஓடிவந்து என் காலில் ஏன் விழ வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.