பாதி சார்ஜில் எல்லாம் சரி

கோவளம் கிளியம்மாளின் மின்சார மீன்வண்டி வண்டலூர் மேம்பாலத்தில் மறுபடியும் நின்றுவிட்டது. தாம்பரத்தில் ஒரு விடுதிச் சமையற்கூடம்தான் அவளிடம் நிலையாக மீன் வாங்கிவந்தது. இன்னொரு தரம் தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக அதன் மேலாளர் சொல்லிவிட்டார்.

வண்டியின் பேட்டரியைப் பழைய செல்களால் கட்டிக் கொடுத்தவர் பெருங்களத்தூர் குமரவேல். பட்டறைக்கு எந்த பேட்டரி வந்தாலும் முதலில் பாதி சார்ஜ் ஏற்றுவார். பிறகே மீட்டர் வைப்பார். இந்த முறையும், பேட்டரிக்குள் மின்னோட்டத்தைத் தடுக்கும் மின்தடையின் அளவு சரியாகவே இருந்தது.

"பேட்டரி நல்லாத்தான் கீது அக்கா. நீதான் ஐஸை அள்ளிப் போட்டுக்கினு வர்றே."

"ஐஸ் இல்லாங்காட்டி மீனு நாறிப்பூடும். உன் மீட்டரைப் பாலத்து மேல வெச்சிப் பாரேன்!"

கிண்டலாகத்தான் சொன்னாள். மறுநாள் குமரவேல் மீட்டரை இணைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கேளம்பாக்கம் தாண்டியும் குறையில்லை. கொளப்பாக்கத்துக்குப் பிறகு சார்ஜ் அடிமட்டத்துக்கு இறங்க, மின்தடை ஏறிக்கொண்டே போனது. பாலத்தின் பாதி ஏற்றத்தில் வண்டி நின்றது.

"இன்னா ஆச்சு?"

"உள்ள லித்தியம் கீது அக்கா. வண்டி ஓட ஓட அது செல்லுக்குள்ள ஒரு பக்கத்துத் தகட்டுல பூசின பொடிக்குள்ள போய்ச் சேரும். மொதல்ல எடம் காலி, சட்டுனு பூந்துக்கும். கடைசில நெருக்கடி. டிரெயின்ல உள்ள எடம் இருந்தும் வாசலண்டையே நிக்கிறானுங்களே, அந்த மாதிரி. பின்னால வர்றது ஏற முடியல. ஏத்தத்துல இழுக்கிற இழுப்புக்கு ஈடு குடுக்கல."

"அப்பறம் எப்டி ஓடுது?"

"கொஞ்ச நேரம் நின்னா வாசல்ல நிக்கிறது உள்ள நகந்துக்கும். நான் வேற பாதி சார்ஜ் ஏத்திட்டுப் பாத்தேன். எங்கேர்ந்து தெரியும்?"

காத்திருந்தார்கள். பெட்டியிலிருந்து ஐஸ் உருகிய நீர் சாலையில் ஓடியது. பிறகு வண்டி நகர்ந்தது. விடுதி வாசலில் வேறொருவரின் மீன் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"சொன்னேன்ல அம்மா," என்றார் மேலாளர். உள்ளே போய்விட்டார்.

கிளியம்மாள் திரும்பினாள். "சரி பண்ண முடியுமா?"

"இந்த செல்லுல ஆவாது. கால்வாசி சார்ஜ் மிச்சம் வெச்சே ஓட்டணும்."

"ஓட்டினா எதுவரைக்கும் வரும்?"

"கொளப்பாக்கம்."

"அங்க எனக்கு யாரு கீறா?"

அவர் மீட்டரைக் கழற்றினார். அவள் பெட்டியை இறக்கச் சொல்லி, விடுதிச் சுவரோரம் சாக்கை விரித்து, கூவத் தொடங்கினாள். வேலைக்குப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்கைச் சுற்றி நடந்தார்கள்.